ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் கேட்கும் விசா, ஆவணக் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போக நினைக்கும் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய பெற்றோர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் முதுகலைப் படிப்பை மனதில் வைத்துதான் பதில் சொல்லியிருக்கிறேன். தொகைகளும் விதிகளும் 2025 நிலவரப்படி. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த அலுவலகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் தொடங்க வேண்டும்?

பாஸ்போர்ட். அதில் உள்ள பெயர்தான் இனி எல்லா இடத்திலும் போகப்போகிறது. அப்புறம் கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் சான்று), கூடவே ஐஇஎல்டிஎஸ் போன்ற மொழித் தேர்வு. இவை கைக்கு வந்ததும் ஏபிஎஸ் சான்றிதழ். பிறகு பல்கலைக்கழக விண்ணப்பம், அட்மிஷன் கடிதம், பிளாக்டு அக்கவுன்ட் (செலவுப் பணத்தைப் போட்டு வைக்கும் முடக்கப்பட்ட கணக்கு), காப்பீடு, கடைசியில் விசா.

குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. பல படிப்புகளுக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று இருக்கும். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஆங்கில வழியில் நடக்கும் பிரபலமான முதுகலைப் படிப்புகள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர்களுக்கான விண்ணப்பத்தை வசந்த காலத்திலேயே முடித்துவிடுவார்கள். விசாவுக்கு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். அதனால் அக்டோபரில் வகுப்பில் உட்கார வேண்டும் என்றால், முந்தைய ஆண்டு தீபாவளி வாக்கிலாவது வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஏபிஎஸ் என்றால் என்ன? கட்டாயமா?

உங்கள் மதிப்பெண் பட்டியலும் பட்டமும் உண்மையானவைதானா என்று சரிபார்த்துச் சான்று கொடுக்கும் அலுவலகம். டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தின் கீழ் இயங்குகிறது. சீனாவுக்கும் வியட்நாமுக்கும் பல ஆண்டுகளாக இருந்த நடைமுறைதான். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் விசாவுக்குக் கட்டாயமாகிவிட்டது. கட்டணம் 18,000 ரூபாய். அரசு உதவித்தொகையில் போகிறவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மற்ற எல்லோருக்கும் வேண்டும்.

விசாவுக்குத்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அது சரிவராது. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிக்கும்போதே ஏபிஎஸ் கேட்கின்றன. மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பும் மாதங்களில் வரிசையும் நீண்டுவிடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏபிஎஸ் உங்கள் மதிப்பெண்ணை உயர்த்தாது, அட்மிஷனும் வாங்கித் தராது. “எங்கள் மூலம் போட்டால் ஏபிஎஸ் சீக்கிரம் வரும்” என்று எந்தக் கன்சல்டன்சி சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம். வரிசையில் முன்னால் தள்ளிவிட அவர்களுக்கு எந்த வழியும் கிடையாது.

என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கிறது. மார்க்‌ஷீட்டில் இனிஷியல்தான் இருக்கிறது. பிரச்சினை வருமா?

தமிழ்நாட்டு மாணவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். பஞ்சாபிலிருந்து வரும் மாணவருக்கு இந்தத் தலைவலி இவ்வளவு இருக்காது. நாம்தான் சாதிப் பெயரை உதறிவிட்டு அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள். நல்ல விஷயம்தான்; ஆனால் உலகத்தின் படிவங்களுக்கு அது தெரியாது.

ஒரு உதாரணம். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் “கார்த்திக் எஸ்”. கல்லூரி மார்க்‌ஷீட்டில் “எஸ். கார்த்திக்”. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் கிவன் நேம் “கார்த்திக்”, சர்நேம் “செல்வராஜ்”. ஐஇஎல்டிஎஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்தது, அதனால் அதில் “செல்வராஜ் கார்த்திக்”. நான்கு காகிதம், நான்கு விதம். ஆனாலும் இது பெரிய ஆபத்து இல்லை. அப்பா பெயர் செல்வராஜ் என்பது பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றுதான். இந்திய ஆவணங்களைப் பார்த்துப் பழகிய அதிகாரிக்கு இது புரியும். கூடவே, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிக்கின்றன என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் போட்டு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

சிக்கல் வருவது எழுத்து மாறும்போது. ஒன்றில் செல்வராஜ், இன்னொன்றில் செல்வராசு. அல்லது பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம். இதற்கு அஃபிடவிட் பத்தாது, மூல ஆவணத்தையே திருத்த வேண்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் பிழை என்றால் படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் ஏபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் நல்லது. பிழை எங்கே நுழைந்தது என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

சர்நேம் முழுக்கக் காலியாக இருந்தால்? அந்தப் பாஸ்போர்ட்டோடும் விசா வாங்கிப் போனவர்கள் நிறைய. ஆனால் ஜெர்மனியில் வங்கி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் என்று எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர் கேட்கும், காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவிடாது. ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாக நிரப்பினால் நாளைக்கு நீங்கள் மூன்று ஆட்கள் ஆகிவிடுவீர்கள். கையில் நேரம் இருந்தால், வேறு எந்த வேலையும் தொடங்குவதற்கு முன் அப்பா பெயரை சர்நேமாகப் பிரித்துப் பாஸ்போர்ட்டை மறுபதிப்பு வாங்கிவிடுங்கள். அட்மிஷன் வந்தபிறகு மட்டும் பாஸ்போர்ட்டில் கை வைக்காதீர்கள்.

கான்வொகேஷன் இன்னும் நடக்கவில்லை. டிகிரி சர்டிபிகேட் இல்லாமல் விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். ப்ரொவிஷனல் சான்றிதழும் எல்லாப் பருவங்களின் மார்க்‌ஷீட்டும் போதும். இறுதியாண்டு படித்துக்கொண்டிருக்கும்போதே பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அட்மிஷன் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: குறிப்பிட்ட தேதிக்குள் படிப்பு முடித்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும். அந்தத் தேதியைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அரியர் வைத்து முடித்தேன். வாய்ப்பு உண்டா?

உண்டு. அரியரை மறைக்க முயல்வதுதான் தவறு. டிரான்ஸ்கிரிப்டில் எந்த மாதம், எந்த ஆண்டு தேர்ச்சி என்று தெளிவாக இருக்கும். ஏபிஎஸ் பார்ப்பதும் அதைத்தான்.

ஜெர்மனிக்காரர்கள் உங்கள் சிஜிபிஏவை அவர்கள் கணக்குக்கு மாற்றிப் பார்ப்பார்கள். அங்கே 1.0 என்பது மிகச் சிறந்தது, 4.0 என்பது வெறும் தேர்ச்சி. கணக்கு எளிதுதான்: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு 8 வாங்கியவர், தேர்ச்சி அளவு 5 என்றால், 2.2. அதே 8, தேர்ச்சி அளவு 6 என்றால் 2.5. பல படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருப்பதால் இந்தத் தேர்ச்சி அளவு சாதாரண விஷயமில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் முறை மார்க்‌ஷீட்டின் பின்புறத்தில் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். வெற்றுப் பக்கம் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

யூனி-அசிஸ்ட் வழியாகத்தான் போக வேண்டுமா?

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. சில தங்கள் சொந்த இணையதளத்தில் நேரடியாக வாங்குகின்றன, பல யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகத்தான் வாங்குகின்றன. ஒரு பருவத்துக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதற்குப்பின் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. யூனி-அசிஸ்ட் ஆவணங்களைச் சரிபார்த்து அனுப்பும், அவ்வளவுதான். அட்மிஷன் முடிவு பல்கலைக்கழகத்துடையது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் பி.எஸ்ஸி., பி.இ. போன்ற இளநிலைப் படிப்புக்குப் போக முடியுமா?

நேரடியாகப் போவது கடினம். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்ச்சி பெற்றவர்களுக்கும், இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் முதலாண்டை வெற்றிகரமாக முடித்தவர்களுக்கும் தொடர்புடைய துறையில் நேரடி வழி உண்டு. மற்றவர்கள் ஸ்டூடியன்கோலெக் என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பு முடித்துத் தேர்வு எழுத வேண்டும். அது பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். பதினேழு வயதுப் பிள்ளையை அவசரப்பட்டு அனுப்புவதைவிட, இங்கே பட்டம் முடித்துவிட்டு முதுகலைக்கு அனுப்புவதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

படிப்பு இலவசம் என்கிறார்கள். பிறகு எதற்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம்?

அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும் உண்டு. விதிவிலக்குகள் இருக்கின்றன. பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்களிடம் பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் தனிக் கதை. கன்சல்டன்சிகள் ஆர்வமாகக் காட்டுவது பெரும்பாலும் அவற்றைத்தான். கமிஷன் அங்கேதான் கிடைக்கும்.

நீங்கள் கேட்ட லட்சங்கள் கட்டணம் இல்லை. அது நீங்கள் சாப்பிட, வாடகை கொடுக்க வைத்திருக்கும் உங்கள் சொந்தப் பணம்.

பிளாக்டு அக்கவுன்ட் எப்படி வேலை செய்கிறது?

விசா வாங்குவதற்கு முன் ஓராண்டுச் செலவை, அதாவது 11,904 யூரோவை, ஜெர்மனியில் ஒரு முடக்கப்பட்ட கணக்கில் போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகை. அங்கே போய் முகவரி பதிந்து, சாதாரண வங்கிக் கணக்கு தொடங்கியதும், மாதம் 992 யூரோ அதிலிருந்து உங்கள் கணக்குக்கு வரும். மொத்தமாக எடுக்க முடியாது. எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா போன்ற நிறுவனங்கள் வழியாக வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

பணம் அனுப்பும்போது இரண்டு விஷயம். ஒன்று, நிறுவனத்தின் தொடக்கக் கட்டணத்தையும் இடையில் உள்ள வங்கிகள் பிடித்துக்கொள்ளும் தொகையையும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள். 11,904-க்குப் பதில் 11,889 போய்ச் சேர்ந்தால் உறுதிக் கடிதம் வராது. பதினைந்து யூரோவுக்காக மறுபடியும் வங்கிக்கு நடக்க வேண்டும், மறுபடியும் கட்டணம். இரண்டாவது, வங்கிப் படிவத்தில் நோக்கத்தைக் கல்வி என்று சரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டி வெளிநாட்டுக்கு அனுப்பினால், தாண்டிய பகுதிக்கு வங்கி டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். கல்விக்கு ஒரு விகிதம், மற்றவற்றுக்கு அதைவிடப் பல மடங்கு. வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் டிசிஎஸ் இல்லை. பிடித்த தொகை போய்விடாது. யாருடைய பான் எண்ணில் அனுப்பினீர்களோ அவருடைய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வரும். தொடக்கக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் வராது.

கல்விக் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. அந்தக் கடிதம் போதாதா?

போதாது. கடன் பணத்தை பிளாக்டு அக்கவுன்டுக்கு அனுப்பச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். சில கிளைகளுக்கு இது புதிது. “கல்லூரிக்குத்தான் அனுப்புவோம்” என்று அடம் பிடிப்பார்கள். கடன் விண்ணப்பத்திலேயே வாழ்க்கைச் செலவு என்ற தலைப்பில் இந்தத் தொகையைக் காட்டியிருந்தால் அந்த வாக்குவாதம் மிச்சம்.

அங்கே வசிக்கும் உறவினர் ஒருவர் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்பதாக அவருடைய ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு அவருடைய சம்பளத்தைப் பார்ப்பார்கள். சித்தப்பா, மாமா என்று உரிமையோடு கேட்பதற்கு முன், அது சட்டப்படி அவரைக் கட்டிப்போடும் பத்திரம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு என்னென்ன வேண்டும்? நேரில் போக வேண்டுமா?

பாஸ்போர்ட், படிவம், புகைப்படம், அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுன்ட் உறுதிக் கடிதம், மொழிச் சான்று, கல்விச் சான்றிதழ்கள், சுயவிவரம், ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம், பயணத்துக்கான மருத்துவக் காப்பீடு. கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்டலாம். 2025 முதல் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவை இணையதளத்தில் ஆவணங்களை முன்கூட்டியே பதிவேற்றும் வசதி வந்திருக்கிறது. அப்படிச் செய்தாலும் கைரேகைக்கும் ஒரிஜினல்களைக் காட்டவும் ஒருமுறை நேரில் போக வேண்டும்.

விளக்கக் கடிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே கன்சல்டன்சி எழுதிக் கொடுத்த ஒரே கடிதம், பெயர் மட்டும் மாறி, ஒரே அதிகாரி மேசைக்கு வந்தால் என்ன நினைப்பார்? “உலகின் முன்னணிப் பொருளாதாரமான ஜெர்மனி” என்று அவர் நாட்டைப் பற்றி அவருக்கே பாடம் எடுக்க வேண்டாம். பாடத்திட்டத்தில் உள்ள இரண்டு பாடங்களின் பெயரைச் சொல்லுங்கள், இங்கே செய்த புராஜெக்டோடு அவை எப்படி இணைகின்றன என்று சொல்லுங்கள். இரண்டு வருடம் இடைவெளி இருந்தால் அந்த இரண்டு வருடம் என்ன செய்தீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கடையைப் பார்த்துக்கொண்டேன் என்றால் அதுவே போதுமான காரணம். போலி அனுபவச் சான்றிதழ் வாங்கி அந்த இடைவெளியை அடைக்க நினைத்தால்தான் மொத்தமும் கெடும்.

அப்போஸ்டில், போலீஸ் கிளியரன்ஸ், மெடிக்கல் எல்லாம் எடுக்கச் சொல்கிறார்களே?

மாணவர் விசாவின் வழக்கமான பட்டியலில் இவை இல்லை. கனடாவுக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிப் பழகியவர்கள் அதே பட்டியலை ஜெர்மனிக்கும் நீட்டிவிடுகிறார்கள். அப்போஸ்டில் என்பது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு போடும் முத்திரை. அந்த விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்தியாவில் வாங்கும் அப்போஸ்டில் முத்திரைக்கு ஜெர்மனியில் மதிப்பில்லை. ஒரு சான்றிதழுக்கு இத்தனை ஆயிரம் என்று வாங்குகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஜெர்மன் மொழி கட்டாயமா?

ஆங்கில வழிப் படிப்பு என்றால் விசாவுக்குப் பொதுவாகக் கட்டாயமில்லை. பிழைப்புக்குக் கட்டாயம். அலுவலகக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பகுதிநேர வேலை எல்லாம் ஜெர்மனில்தான். சென்னை ரட்லண்ட் கேட்டில் உள்ள கோதே இன்ஸ்டிடியூட்டிலோ, நம்பகமான வேறு இடத்திலோ ஏ2 (மொழிப் படிப்பின் இரண்டாம் நிலை) வரையாவது முடித்துவிட்டுப் போங்கள். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

எந்தக் காப்பீடு எடுப்பது?

இரண்டு வேண்டும். போகும் நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதியும் வரை பயணக் காப்பீடு. பதிவுக்கு அரசு முறை மருத்துவக் காப்பீடு. டிகே, ஏஓகே, பார்மர் போன்றவற்றில் எதுவானாலும் சரி. முப்பது வயதுக்குள் இருந்தால் மாணவர் கட்டணம், மாதம் சுமார் 140-150 யூரோ. முப்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. விலை குறைவு என்று தனியார் காப்பீட்டுக்கு மாறிவிட்டால், அந்தப் படிப்பு முடியும் வரை மாணவராக அரசு முறைக்குத் திரும்ப முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

விசா மறுத்துவிட்டால் மேல்முறையீடு செய்யலாமா?

முன்பு தூதரகத்துக்கே ஒரு கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்க முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். முதல் வழியே பெரும்பாலோருக்கு விரைவானது. மறுப்புக் கடிதத்தில் சொல்லியிருக்கும் காரணத்துக்கு நேரான பதில் புதிய விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். பழைய கோப்பையே மறுபடி கொடுத்தால் பழைய பதில்தான் வரும்.

போய் இறங்கியதும் என்ன செய்ய வேண்டும்?

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் தேவை. “வாடகை குறைவு, ஆனால் பதிவு கிடையாது” என்று வரும் அறைகளை ஏற்றுக்கொள்ளாதீர்கள். முகவரிப் பதிவு இல்லாவிட்டால் பிளாக்டு அக்கவுன்ட் பணம் முதல் குடியிருப்பு அனுமதி வரை எல்லாம் நின்றுபோகும். பார்க்காத வீட்டுக்கு முன்பணமும் அனுப்பாதீர்கள். அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள், வரிசை நீளம்.

விசா சில மாதங்களுக்குத்தான் இருக்கும். அது முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய நகரங்களில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் போன முதல் மாதத்திலேயே முயற்சியைத் தொடங்குங்கள்.

வேலை பார்த்துக் கடனை அடைக்க முடியுமா?

படிக்கும்போது கடன் அடைக்கும் கனவு வேண்டாம். 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது கை கொடுக்கும். படித்து முடித்ததும் வேலை தேட 18 மாத அனுமதி உண்டு. கடனுக்கான கணக்கை அங்கிருந்து போடுங்கள்.

இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

ஏபிஎஸ்ஸும் டிசிஎஸ்ஸும் உங்களுக்கு இல்லை. விசா விண்ணப்பம் கொழும்பில் உள்ள ஜெர்மன் தூதரகத்துக்கு. பிளாக்டு அக்கவுன்ட், காப்பீடு, முகவரிப் பதிவு, வேலை நாட்கள் எல்லாம் ஒன்றுதான்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையோடு கொண்டு போக வேண்டுமா?

ஆமாம், பல்கலைக்கழகத்தில் சேரும்போது கேட்பார்கள். செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் நிறத்தில் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். கன்சல்டன்சி “கோப்புக்காக” ஒரிஜினலைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், ஸ்கேன் போதும். வேறு செலவு பாக்கி என்று கல்லூரி உங்கள் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தால், அப்படி வைக்கக் கூடாது என்று யுஜிசி விதி இருப்பதைச் சுட்டிக்காட்டி முதல்வருக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.